பதினேழரை அடிக்கு அனுமதி

ஜூன் 9, திங்கள்

எங்கள் ஃபேக்டரியில் செய்து விசாகப்பட்டினம் போகிற ராட்சச டேங்க்குக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டேன். டிரெய்லரில் ஏற்றினால் தரையிலிருந்து பதினேழரை அடி. அதனால் வழியிலுள்ள பாலம், மின்கம்பி, சிக்னல் எல்லாவற்றையும் அளந்து அறிக்கை தர வேண்டும். நாச்சாரம் தொழிற்பேட்டையில் இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

முதலாளி விஸ்வநாத்துக்கு இதுதான் முதல் பெரிய ஆர்டர். தாமதமானால் ரத்து. "உங்களை நம்பித்தான் ஒத்துண்டேன், ஆர்தர் சார்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் அளக்கக் கிளம்பினேன். வழக்கம்போல ஃபேக்டரிக்கு எதிரே இரானி டீக்கடையில் ஒரு சாய், அங்கிருந்தே ஆரம்பம். ஊர் எல்லைவரை ஒவ்வொரு கம்பிக்கும் கீழே நின்று நீளக் கம்பை உயர்த்தினேன். மாங்காய் பறிக்கிறாயா என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார்.

வீட்டில் மனைவி சாரா: "எதுக்குங்க இந்த வெயில்ல இந்தக் கூத்து?" எனக்கோ பெருமை தாங்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது! ஜூலை 3 வரை செல்லும். விஸ்வநாத் கை குலுக்கினார். அடக்கமாக இருப்பதுபோல் நடித்தேன், சரியாக வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஐயோ. மானம் போச்சு.

டிரெய்லர் எங்கள் ஃபேக்டரி வாசலிலேயே நின்றுவிட்டது. வாசலுக்கு மேலே இரும்பு வளைவு. பதினாறு அடி. போன வருஷம் விஸ்வநாத் அவர் அப்பா பெயரில் வைத்தது. "லாரி போனாப் போதும் சார்" என்று உயரம் சொன்ன மகா மேதை நானேதான்! எதிர்க்கடையிலிருந்து அளக்க ஆரம்பித்தவனுக்கு முதுகுக்குப் பின்னால் இருந்த வாசல் தெரியவில்லை. டிரெய்லரை எவ்வளவு தாழ்த்தியும் அரை அடி இடித்தது. வேறு வாசலும் கிடையாது.

எப்படிச் சொல்றது அவர்கிட்ட? தண்ணி குடிச்சேன். மறுபடியும் குடிச்சேன்—

"தப்பு என்னுது சார். வளைவை வெட்டாம டேங்க் போகாது."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஷூவைக் கழற்றிவிட்டு, மேலே அப்பா பெயரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெல்டரைக் கூப்பிட்டார். "பேரை மட்டும் முதல்ல பத்திரமா இறக்குங்கோ."

ஏணியில் ஏறி அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக நானே வாங்கினேன். அழுதேன். கேட்டவர்களிடம் கட்டர் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றேன்.

ஜூலை 2, புதன்

டேங்க் போய்ச் சேர்ந்தது. எனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்கத் தைரியமில்லை.

ஜூலை 14, திங்கள்

அதே கம்பெனி இரண்டாவது டேங்க் கேட்டிருக்கிறது. இனி அளவெடுக்கும் பொறுப்பு டிசைன் பிரிவு அக்ஷதாவுக்கு. நேற்று படிப்பை முடித்த பெண். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். வளைவில்லாத வாசலில் ஆரம்பித்தோம். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "கதலகண்டி அங்கிள்" என்றாள். அசையக் கூடாதாம்.

நான் அசையவில்லை.