செத்த பிறகும் முத்திரை விழுந்த அட்டை

அக்கா,

இன்று காலை காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்க ஒரு பெண் வந்தாள். "குடுங்கம்மா, பதிஞ்சிட்டு நாளைக்குக் கொண்டாந்து தாரேன்" என்று கையை நீட்டினாள். எனக்கு உங்கள் மஞ்சள் பை ஞாபகம் வந்துவிட்டது. அதற்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த பச்சை அட்டையும்.

எழுபதுகளின் கடைசி. கொடைக்கானல் ஜாம் கம்பெனியில் நீங்கள் பாட்டில் கழுவினீர்கள். நான் வில்பட்டியிலிருந்து வெள்ளனே பஸ் பிடித்து வந்து லேபிள் ஒட்டுவேன். அதுவரை நமக்கு அரசாங்கக் காப்பீட்டு மருந்தகம் இருந்தது. அட்டையைக் காட்டினால் மருந்து, அதற்கும் நோய் கேட்கவில்லையென்றால் நேரே மதுரை ஆஸ்பத்திரி. திடீரென்று அதை மூடி, நம் எல்லோரையும் ஒரு தனியார் டாக்டரிடம் ஒப்படைத்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் அட்டையில் முத்திரை குத்தி அவருக்குப் பணம். அட்டை இனி அவர் கிளினிக்கில் இருக்கும். அவர் சீட்டு எழுதித் தராமல் மதுரையில் சேர்க்க மாட்டார்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று, அட்டைகளை வாங்கிச் சேர்க்கும் சோலி என் தலையில் விழுந்தது. எல்லோரும் கொடுத்தார்கள். நீங்கள் மட்டும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள்.

"நாம போனாலும் போகாட்டியும் அவருக்குச் சல்லி வருது. பொறகு எதுக்குப் புள்ள மெனக்கெட்டு நம்மளப் பாக்கணும்?"

நான் எரிச்சலோடு, படித்த மனுஷரைச் சந்தேகப்படலாமா என்று கடிந்துகொண்டேன். நீங்கள் முன்பு இருந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை உங்கள் வீட்டுக் காகிதங்களைப் பதிந்து தருவதாக வாங்கிப் போனதையும், இந்தியாவுக்குக் கப்பலேறும் பட்டியலில் உங்கள் பெயர் இருந்து தம்பி பெயர் இல்லாமல் போனதையும் சொன்னீர்கள். அது வேறு, இது வேறு என்றேன். பிடுங்காத குறையாக அட்டையை வாங்கிப் போனேன்.

அடுத்த மழைக்காலத்தில் உங்களுக்கு இருமல் பிடித்தது. மூன்று முறை போனீர்கள், மூன்று முறையும் அதே வெள்ளை மாத்திரை. மதுரைக்குச் சீட்டு கேட்டதற்கு, சாதாரணச் சளிக்கு எதற்கு என்றாராம். டாக்டருக்குத் தெரியாததா என்று அப்போதும் நான்தான் சொன்னேன். தை மாதம் ரத்தமாக இருமிய பிறகு சீட்டு எழுதினார். ஜீப் வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

சித்திரையில் உங்கள் அட்டையைக் கேட்டுக் கிளினிக்குக்குப் போனேன். கம்பவுண்டர் பெட்டியிலிருந்து தேடி எடுத்தார். புது வருஷத்துக்கான முத்திரை அதில் பளிச்சென்று இருந்தது. செத்து மூன்று மாதமான உங்கள் தலைக்கும் பணம் வந்திருக்கிறது.

"இவங்க தவறிட்டாங்களே" என்றேன்.

"பட்டியல்ல பேரு கெடக்கும்மா, அதான் குத்துனோம்" என்றார்.

நான் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று வந்த பெண்ணிடமும் கொடுக்கவில்லை. வாசலிலேயே நின்று எண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவள் எழுதி முடிக்கும்வரை அட்டையின் ஓரத்தை விடவில்லை.

"எங்க மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்றாள்.

இல்லை என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது, பாவம்.

அவள் போன பிறகு பீரோவைத் திறந்து உங்கள் அட்டையை எடுத்துப் பார்த்தேன். நான் போட்டு வைத்த ரப்பர் பேண்ட் இற்றுப்போய்விட்டது, முத்திரை மட்டும் அப்படியே இருக்கிறது. இதை நான் உங்கள் கையிலிருந்து வாங்கியிருக்கக் கூடாது, அக்கா.