தைக்கக் கொடுத்த பூட்ஸ்

தோல் ஒட்டும் பசையின் வாசனை உனக்குத் தெரியும். நம் இளமை முழுக்க மூக்கில் ஏறிக் கிடந்த வாசனை அது. நேற்று உன் ஏழாம் நாள் பூசை முடிந்து மாட வீதி வழியாக வந்துகொண்டிருந்தேன். குளத்து மூலையில் அந்த வாசனை அடித்ததும் கால் தானாக நின்றது. செருப்பு தைக்கிறவர் என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"இன்னா சார், உங்க ஃப்ரெண்டு ஆளையே காணோம்? போன ஞாயித்துக்கிழமை பூட்ஸ் குடுத்துட்டுப் போனாரு. அடுத்த வாரம் ஆடணும், சீக்கிரம்னாரு. தச்சி ரெடியா கீது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஞாயிறு காலையில்தான் நீ வீட்டுக்கு வந்து காபி கேட்டுவிட்டு, அது வருவதற்குள் நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தாய். கடற்கரையில் நடந்துவிட்டு வந்த மனுஷன் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். உன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு, ஓடவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவன் நான். "இனிமே பந்து பக்கம் தலைவெச்சிக்கூடப் படுக்க மாட்டேன்டா" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாயே, பாவி! பூட்ஸின் அடியில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. தைத்தவரிடம் விஷயத்தைச் சொல்லாமல் கூலியைக் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நீ சாதாரண ஆளா? உன் இடது காலுக்காகவே மாலை ஷோவை விட்டுவிட்டு ஸ்டேடியத்துக்கு வந்த கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். மாநில அணிச் சட்டை போட்டாய். பேப்பரில் படம் வந்தது. பேங்கில் உன்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். அதே பேங்க் டீமில் வலது ஓரத்தில் ஓடி ஓடி உனக்குப் பந்து போட்டே நான் மூச்சு வாங்கினேன். "ஓடு, பந்து வரும்!" என்று கத்துவேன். நீ ஓடுவாய், பந்து வரும், கோல் விழும். பந்து ஒருமுறைகூட என்னிடம் திரும்பி வந்ததில்லை. கேட்டால், "கோல் அடிக்கத்தாண்டா எனக்கு வேலை குடுத்துக்கீறாங்க. பாஸ் போடுறதுக்கா?" என்பாய். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கவும் செய்தது, எரிச்சலாகவும் இருந்தது.

பையோடு நேரே கோபாலபுரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். நீ பொய் சொன்னதை உன் மனைவியிடம் சொல்வதா, மறைப்பதா என்று வழியெல்லாம் குழப்பம். அவள் பையைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டாள்.

"பூட்ஸாண்ணே?"

நான் பையைப் பின்னால் மறைத்தேன்.

"நடக்கப் போறவரு சாக்ஸுல அவ்ளோ சேறு எப்படி வரும்? நான்தானே துவைக்கிறேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்தாண்ணே அந்த மூஞ்சில சிரிப்பு இருக்கும். தடுத்திருக்கணும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்குக் கோல் போட்டாராண்ணே? எனக்கு அது மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

இன்று விடிந்ததும் கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருக்கும் மைதானத்துக்குப் போனேன். பந்து ஆடும் பழைய ஆட்களிடம் விசாரித்ததில் அந்த இடம்தான் அகப்பட்டது. கூரியர் கம்பெனிச் சட்டையோடு ஒருவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். நீ இல்லை என்று சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நீ மாநிலத்துக்கு ஆடியவன் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

"ஸ்டேட் பிளேயரா? சொல்லவே இல்லியே சார்!"

"கடைசி நாள் கோல் போட்டானா?" என்று கேட்டேன்.

"அவரு கோலே அடிக்க மாட்டாரு சார். எங்களுக்குப் பாஸ் போட்டுக்கினே இருப்பாரு. அன்னிக்கும் அவரு குடுத்த பந்துலதான் நான் கோல் அடிச்சேன். திரும்பிப் பார்த்தா உக்காந்துக்கினு இருந்தாரு. இன்னா அங்கிள்னா, பூட்ஸ் பிஞ்சிடுச்சின்னு சிரிச்சாரு" என்றான் கூரியர் சட்டைக்காரன்.

நீயா? பாஸா? எவனோ வேறு ஆளைப் பற்றிச் சொல்கிறான் என்றே நினைத்தேன். அப்போது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "எப்பவும் ஒண்ணே ஒண்ணுதான் கத்துவாரு சார். 'ஓடு, பந்து வரும்!'"

கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கிருந்தே உன் மனைவிக்குப் போன் செய்தேன். "கோல் போடலைம்மா. பாஸ் குடுத்திருக்கான்" என்றேன். "அவரா?" என்றாள். சிரித்தாளா, அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. பூட்ஸை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

என் காலுக்கு அது பெரிது. பரவாயில்லை, இருக்கட்டும். அத்தனை வருஷம் வலது ஓரத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினேனே, அது உன் காதில் விழுந்ததா என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. விழுந்திருக்கிறதடா.