மணலில் கிடந்த பலகை

திங்கள், 07:10. கடலடி ஆய்வுக்கூடம், தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே

ஜன்னலுக்கு வெளியே வலைக் கூண்டில் நாக்குமீன்கள் நலம். குஞ்சில் பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒன்று நகர்ந்து இரண்டும் ஒரே பக்கம் வந்துவிடும். பிறகு ஆயுள் முழுக்க மணலில் ஒட்டிப் படுப்பதுதான் பிழைப்பு. தரையில் கிடப்பதைத் தோலில் அப்படியே நகலெடுக்கும்; எடுத்த நகல் ஓரிரு நாள் அழியாது. கண்ணாடி வழியே என் முகத்தைக் காட்டினேன், சட்டை செய்யவில்லை. தரையில் கிடந்தால்தான் மதிப்பு.

மேலே படகில் மச்சான் ஜெரோன். சங்கு குளிப்பவர்கள் வழக்கப்படி மனைவியின் அண்ணன்தான் என்னை ஏற்றி இறக்கும் கயிற்றைப் பிடிக்கிறார். தங்கையின் தாலியை நினைத்தாவது விடமாட்டார் அல்லவா? பிடித்தவர் கடலில் இறங்கவும் கூடாது. எனக்குக் காற்றும் படகிலிருந்துதான் குழாயில் வருகிறது.

செவ்வாய், 16:30

மேலே புயல். தொலைபேசி செத்துவிட்டது. மச்சான் சிலேட்டுப் பலகையில் எழுதி இறக்கினார்: "மாப்ள, ஏறாதீரும். கடல் சரியில்ல."

படித்துவிட்டுப் பலகையை மீன் கூண்டுக்குள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லா முதுகிலும் மச்சானின் கோணல் எழுத்து! விழுந்து விழுந்து சிரித்தேன்.

புதன், 09:00

வெயில் தரைவரை இறங்குகிறது. புயல் போய்விட்டது. ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே மணலில் பலகை: "ஏறாதீரும். கடல் சரியில்ல."

கயிறோ மூன்று முறை இழுபட்டது. அதற்கு 'மேலே வா' என்று அர்த்தம். எழுத்தில் ஒன்று, கையில் ஒன்று. கல்யாணத்தன்று என்னோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர் இவர்.

14:20

குழாயில் காற்று நின்றுவிட்டது. சேமிப்பு உருளையை நம்பி இருக்கிறேன். மணலில் இப்போது இரண்டு பலகை. இரண்டிலும் அதே வாசகம். மச்சான்தான் குழாயை அடைத்தாரா? கயிறு வெறிபிடித்ததுபோல் இழுபடுகிறது. தொடமாட்டேன். ஏறினால் பாதியில் விட்டுவிடுவார்.

17:05

ஒரு பலகை மூச்சு விட்டது.

முகமூடி மாட்டி வெளியே போனேன். கூண்டு வலை கிழிந்து காலி. கையை வீசியதும் இரண்டு பலகைகளும் நீந்திப் போயின. அடியில் புதைந்திருந்தது நிஜப் பலகை: "மாப்ள, காத்து மெசின் புகையுது. கயித்தப் பிடியும், தூக்கிருதேன். தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

மச்சான், உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. வெட்கமாக இருக்கிறது.

கயிற்றை மூன்று முறை இழுத்தேன். தொளதொளவென்று வந்தது. மேலே யாரும் பிடித்திருக்கவில்லை.

17:20

உள்ளே வந்துவிட்டேன். காற்று குறைகிறது. ஜன்னலுக்கு வெளியே, மணலில், மச்சானின் முகம். மீசை, நெற்றித் தழும்பு, எல்லாம் அப்படியே. கண் இரண்டும் ஒரே பக்கம்.

தரையில் கிடப்பதைத்தான் அவை நகலெடுக்கும்.

மச்சான், ஏன் இறங்குனீரு