வௌவால் மரமும் கன்றுக் கத்தியும்

மேலூர், ஸ்ரீரங்கம்
12-2-1965

அன்புள்ள மச்சான் மூக்கனுக்கு,

வீரமலை சொல்ல, தபால்காரர் ரங்கசாமி எழுதுவது. நானும் உன் தங்கை பவுனம்மாளும் இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை. நீ திருவெறும்பூருக்கு மகள் வீட்டோடு போய் நாலு மாசம். ஒரு கார்டு இல்லை.

போன வாரம் விவசாய ஆபீசர் வந்து அழுகிய வாழைக்கிழங்கைப் பிளந்து பார்த்தார். "வௌவால் இதைக் கொண்டுவராதுங்க பெரியவரே. அது பழத்தைத் தின்னுட்டுப் போயிடும். இது கண்ணுக்குத் தெரியாத கிருமி. கன்று பேர்க்கிற கத்தியில ஒட்டிக்கிட்டுப் போகும்" என்றார்.

எந்தத் தோட்டம் முதலில் அழுகியது என்று கேட்டார். எனக்கு எழுதத் தெரியாது, மறக்கவும் தெரியாது. என் கொல்லை, நிஜாமுதீன் தோட்டம், பிச்சமுத்து தோட்டம், கடைசியில் உன்னுடையது. சொல்லி முடித்தபோதுதான் உறைத்தது. சித்திரையில் நான் கன்று பெயர்த்துக் கொடுத்த வரிசையும் அதுதான்.

வௌவால் கத்திக்கொண்டே வந்து, கடித்த பழத்தைக் கீழே போட்டு, தன்னைக் காட்டிக்கொண்டு போகும். இந்தக் கிருமிக்குச் சத்தமில்லை, இறக்கையில்லை. நான்தான் சுமந்துபோனேன்.

ஊர்க் கூட்டத்தில், இந்த அழுகல் எல்லாம் உன் மரத்து வௌவாலால் வந்தது என்று முதலில் சொன்னவனும் நான்தான். வௌவால் மிரளும் என்று மகள் கல்யாணத்துக்குக்கூட வெடி போடாமல் காத்த மருதமரத்தை, அந்த ஒரு பேச்சுக்காக நீயே வெட்டிவிட்டுப் போனாய். பவுனம்மாள் அன்றிலிருந்து சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

பொழுது சாயும்போது அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம். வந்துவிடு மச்சான்.

வீரமலை (பெருவிரல் ரேகை)

மேலூர்
3-4-1965

மச்சானுக்கு,

பதில் இல்லை. கூட்டத்தில் எழுந்து, என் கத்திதான் என்று சொல்லிவிட்டேன். "இனி உங்க கத்தி என் வேலியத் தாண்டக் கூடாதுங்க" என்றார் நிஜாமுதீன். நியாயம்தான். நீ வெட்டிய மரத்தின் அடிக்கட்டை துளிர்த்திருக்கிறது. ஆடு கடிக்காமல் முள் கட்டியிருக்கிறேன்.

வீரமலை (பெருவிரல் ரேகை)

திருவெறும்பூர்
20-4-1965

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூக்கன் சொல்ல, மகள் காளியாயி எழுதுவது. உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

இங்கே ஏரிக்கரை ஆலமரத்தில் வௌவால்கள் தொங்குகின்றன. நம்முடையவையோ, தெரியாது. பொழுது இறங்கினால் வடக்கே, காவிரி தாண்டிப் போகின்றன. கண்ணுக்கு மறைகிறவரை நின்று பார்ப்பேன். எனக்கு அங்கே வர இன்னும் துணிவில்லை. அந்த வெறும் இடத்தை எப்படிப் பார்ப்பது?

பவுனம்மாளைப் பேசச் சொன்னேன் என்று சொல்.

இங்கே மகள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாழைக்கு இடம் இருக்கிறது. நோய் படாத தோட்டத்தில் ஒரு பூவன் கன்று பார். கத்தியைத் தீயில் காட்டிவிட்டு, உன் கையாலேயே பெயர்த்து எடுத்து வா.

மூக்கன்