கடைசிச் சொளகு

அன்பு மகள் ரேணுகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறோம். போனில் பேசினால் சரிப்பா சரிப்பா என்று சொல்லிவிட்டு அடுத்த சோலியைப் பார்க்கப் போய்விடுகிறாய், அதனால்தான் தாள் எடுத்து உட்கார்ந்துவிட்டேன், படித்துத்தான் ஆகவேண்டும். இங்கே நல்ல மழை, போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்து ஜீப்பு போகாமல் கிடந்து இப்போதுதான் சரியானது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, நடக்கச் சொன்னால் மட்டும் எங்கிருந்தோ திரும்பி வந்துவிடுகிறது.

பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அடிவாரப் பள்ளியில் இந்த வருடமும் நாலாம் வகுப்பு என் தலையில்தான். பிள்ளைகள் எல்லாம் நல்ல பிள்ளைகள், ஆனால் அடுத்து என்ன சார், இதை எழுதவா சார் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் லீவு போட்டால் அவர்கள் படிப்பும் லீவு. அதனால் அரிசி புடைக்கிற சொளகு மூன்று வாங்கி வகுப்பில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு அட்டை, அதில் தன் பெயரை எழுதி, நன்றாக வந்தால் முதல் சொளகு, அரைகுறை என்றால் நடுச் சொளகு, இன்னும் வரவில்லை என்றால் கடைசி. எதில் போடுவது என்று அவரவர்தான் முடிவு செய்யவேண்டும். காலையில் கடைசிச் சொளகிலிருந்து தன் அட்டை ஒன்றை எடுத்து, இதை எப்படிப் படிக்கலாம், யாரிடம் கேட்கலாம் என்பதையும் அவர்களே சொல்லவேண்டும். இதில் எனக்குள்ள ஒரே கஷ்டம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, அம்மா இதைக் கேட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பாதிப் பேரின் அம்மாக்கள் ஏலக்காய் ஸ்டோரில் ரகம் பிரித்துக் காய் பொறுக்குகிறவர்கள் இல்லையா, பிள்ளைகள் அதே வழக்கத்தில் முதல் ரகம், ரெண்டாம் ரகம், கடைசி ரகம் என்று சொளகுகளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன், வினை அங்கேதான் வந்தது.

சிவரஞ்சனி என்று ஒரு பிள்ளை. அவள் அம்மா ரோஜா ஒருநாள் மழைக்குக் குடை கொடுக்க வந்தவள், கடைசிச் சொளகில் சிவரஞ்சனி, வகுத்தல் என்று எழுதியிருந்த அட்டையைப் பார்த்துவிட்டாள். அவள் வேலை பார்க்கிற ஸ்டோரில் கடைசி ரகம் என்றால் வெடித்த காயும் பூச்சிக்காயும்தான், ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். வீட்டில் போய் அழுதிருக்கிறாள். மறுநாள் அவள் புருஷன் சோலை, எஸ்டேட்டில் ஜீப்பு ஓட்டுகிறவர், வண்டியை வாசலில் விட்டுவிட்டு நேராக வகுப்புக்கே வந்துவிட்டார். எம்பிள்ளை என்ன பூச்சிக்காயா சார், டீசியக் கொடுங்க, வேன் வர்ற பள்ளிக்கூடத்துல சேத்துக்கிர்றேன் என்று ஒரே சத்தம். நான் சொல்ல வந்ததைக் காதில் வாங்காமல் அந்த அட்டையை எடுத்து முதல் சொளகில் போட்டார். புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டிக்கொண்டே மூன்று வகுப்பு தாண்டி வந்த பிள்ளை அது, இந்த வருடம்தான் எனக்கு இது வரலை சார் என்று வாய் திறந்திருக்கிறது. இப்போது கூட்டிக்கொண்டு போய்விட்டால் அந்த வாய் திரும்ப மூடிக்கொள்ளும்.

அப்போதுதான் சிவரஞ்சனி எழுந்து வந்தாள். முதல் சொளகிலிருந்து அட்டையை எடுத்தாள், கடைசியிலேயே திரும்பப் போட்டாள். நாந்தாம்ப்பா போட்டேன், சார் போடலை, மீதி வந்தா எனக்குக் குழம்புது, பக்கத்துல இருக்கிற அருள்மொழியோட சேந்து புளியங்கொட்டைய வச்சுப் பங்கு போட்டுப் பாக்கப் போறேன், வந்ததும் நானே எடுத்து முன்னாடி போடுவேன், நீங்க தொடாதீங்க என்றாள். ஸ்டோர்ல கடைசியத் தள்ளிருவாங்க, நாங்க அதைத்தான் மொதல்ல எடுப்போம் என்றும் சொன்னாள். சோலை என் பக்கம் திரும்பினார். டீசி வேணாம் சார், கடைசி ரகம்ங்கிற அந்தப் பேரை மட்டும் மாத்துங்க என்றார். நான் வைத்த பெயர் இல்லை, வைத்தவர்களிடம் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டேன். மனுஷன் நாலாம் வகுப்புக்கு முன்னால் நின்று மரியாதையாகக் கேட்டார். பிள்ளைகள் காரசாரமாகப் பேசி, இன்னைக்குச் சோலி என்று அந்தச் சொளகுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வகுத்தல் அவளுக்கு இப்போது வந்துவிட்டது. வீட்டிலும் விடுவதில்லையாம், ஆத்தா வைக்கிற குழம்பு ரெண்டாம் ரகம் என்று சொல்லிவிட்டாள் என ரோஜா என்னிடமே புகார் சொல்லிச் சிரிக்கிறாள்.

இதை ஏன் உனக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் பேரனிடம் ஒரு கணக்குக் கேட்டால் பதில் உன் குரலில் வருகிறது. பிள்ளை முழிக்கக்கூடாது என்கிற ஆசைதான், எனக்குப் புரிகிறது, சோலைக்கும் அதே ஆசைதான். முழிக்கட்டும் ஆத்தா, கொஞ்ச நேரம் முழித்தால் ஒன்றும் ஆகிவிடாது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். அனுப்பிய ஏலக்காயை டப்பாவில் இறுக்கி மூடி வை, அம்மா ரெண்டு தடவை எழுதச் சொன்னாள். வருகிற ஞாயிறு நான் கூப்பிடும்போது நீ அடுப்படிக்குப் போய்விடு. தெரியலை தாத்தா என்று அவன் தன் வாயால் சொல்லி நான் இதுவரை கேட்டதே இல்லை.

இப்படிக்கு, உன் மேல் உயிராக இருக்கும்
அப்பா தங்கபாண்டி
போடிநாயக்கனூர்