நல்ல தண்ணீரில் கழுவ வேண்டிய பிரேக்

கும்மிடிப்பூண்டி
12-6-1974

அன்புள்ள மகன் ஆதிகேசவனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கச்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், விசாகப்பட்டினத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஸ்டிரைக்கில் ரயில் ஓடாத அந்த வாரத்தில் நீ வர முடியாமல் போனதற்கு யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. அப்பாவுக்கு எப்படி நேர்ந்தது என்று முழுதாக எழுதச் சொல்லியிருந்தாய், எழுதுகிறேன். பட்டறையில் கட்டும் படகுகளை டிரெயிலரில் ஏற்றிப் பழவேற்காட்டு ஏரியில் இறக்குவது அப்பா வேலை, திரும்பி வந்த டிரெயிலரின் சக்கரத்தையும் அதற்குள் இருக்கும் பிரேக் டிரம்மையும் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவுவது என் வேலை, உனக்குத் தெரியும். இந்தக் கோடையில் பட்டறைக் கிணறு கரித்துப் போயிற்று. வாயில் விட்டுப் பார்த்துவிட்டு மேஸ்திரி அருணாச்சலத்திடம் சொன்னேன், "தண்ணியில இன்னாம்மா நல்லது கெட்டது, கழுவிக்கினு போ" என்றார். அப்பாவும் போய்க் கேட்டார், லாரியில் தண்ணீர் வரவழைக்கிறேன் என்றவர் வரவழைக்கவில்லை. இரண்டு மாதம் உப்பை உப்பாலேயே கழுவினேன். அன்று காலை ஏரிச் சரிவில் டிராக்டரைக் கழற்றிவிட்டு டிரெயிலரைக் கைபிரேக்கில் நிறுத்தினார்கள். அப்பா சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுப் பின்னால் போய்ப் படகுக் கயிற்றை அவிழ்த்தார். பிரேக் பிடிக்கவில்லை, கட்டை சேற்றில் புதைந்தது, டிரெயிலர் படகோடு அவர் மேல் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. டிரம்மைத் திறந்தால் ஸ்பிரிங் துண்டு துண்டாகக் கிடந்ததாம், சக்கரத்தைப் பிடிக்கிற லைனிங் துருவோடு கையில் வந்ததாம்.

பாக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருவதற்கு முந்தின நாள் மேஸ்திரி நம் வீட்டுக்கு வந்து, "சுப்பராயன் கட்டை வைக்க மறந்துட்டாருன்னு சொல்லிடு கங்கம்மா, போனவரு போயிட்டாரு, உனுக்கு வேலையாவது மிஞ்சும்" என்றார். நான் எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. மறுநாள் இன்ஸ்பெக்டர் கேட்டதும் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு இறைத்து வந்து, "குடிச்சிப் பாருங்க சார், இதுலதான் கழுவினேன்" என்று நீட்டினேன். ஒரு வாய் வைத்ததும் துப்பினார். பக்கத்தில் நின்ற டிராக்டர் டிரைவர் கலியன், "கட்டை வெச்சிதான் இருந்தாரு சார், நான் பாத்தேன்" என்று அழுதுவிட்டான். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், என் பேரையும் எழுதினார், கழுவியது நான்தானே. மேஸ்திரியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கோபமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். இப்போது லாரியில் தண்ணீர் வருகிறது. அதே டிரெயிலரைத்தான் கழுவுகிறேன், கை அது பாட்டுக்கு வேலை செய்கிறது. புது டிரெயிலருக்கு எந்த பிரேக் போடலாம் என்று முதலாளி கேட்டபோது அப்பா சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னேன், ஆயில் பிரேக் வேண்டாம், குழாய் உள்ளே அரித்தால் வெளியே தெரியாது, கம்பி இழுக்கிற பிரேக் போடுங்கள், டிரம்மில் தண்ணீர் விட்டுக் கழுவ ஓட்டை வையுங்கள், ஓடிவந்த சூட்டோடு ஏரியில் இறக்காதீர்கள், உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று. அப்படியே செய்கிறார்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, அதைப் பார்த்து உன் தங்கச்சி பயப்படுகிறாள், நீ அவளுக்குத் தனியாக நாலு வரி எழுது.

வேளைக்குச் சாப்பிடு. வீரராகவப் பெருமாள் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். ஹார்பரில் எந்த வண்டிக்குப் பின்னாலும் நிற்காதே, டிரைவர் முகம் தெரிகிற பக்கமாக நில்.

இப்படிக்கு
உன் அம்மா
கங்கம்மா