பாலத்து மனுவில் இல்லாத கையெழுத்து

அக்கா,

இன்று காலை பாலத்துக் கைப்பிடிக் கம்பிகளுக்கு இரண்டாம் முறையாகப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை ஆற்றங்கரை வரை வந்தது. ஈரக் கம்பியில் சேலை படாமல் நடுவில் நடந்தேன். எதிரே பால் கேன் கட்டிய சைக்கிள் ஒன்று வந்தது. அதன் பின்னால் இரண்டு பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒருவரும் காலடியைப் பார்த்து நடக்கவில்லை. நீங்கள் கேட்டது அதைத்தானே.

நாம் நடந்த காலத்தில் இதைப் பாலம் என்று சொல்ல முடியாது. அகல ரயில் பாதைக்குப் புதுப் பாலம் கட்டியதும், பழைய மீட்டர் கேஜ் பாலத்திலிருந்த தண்டவாளத்தையும் கட்டைகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவை வெறும் இரும்புத் தூலங்களும், ஓரமாக ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு ஒரு தகடும்தான். நாம் வேலை பார்த்த தென்னை நார் மில் அக்கரையில் இருந்தது. சாலை வழியே போனால் இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் அந்தத் தகட்டின் மேலேயே போய் வந்தோம். நீங்கள் முன்னால், நான் பின்னால்.

ஒரு ஐப்பசி மழையில் என் கால் வழுக்கியது. ஒரு கை தூலத்தைப் பிடித்திருக்க, உடம்பு முழுதும் கீழே தொங்கியது. நீங்கள் தகட்டில் குப்புறப் படுத்து என் இன்னொரு கையைப் பற்றிக்கொண்டீர்கள். "கீழ பாக்காத அம்மணி, என்ற மூஞ்சியப் பாரு" என்றீர்கள். பின்னால் வந்தவர்கள் ஓடிவந்து தூக்கும் வரை நீங்கள் விடவில்லை. அன்றைக்கு உங்கள் தோள்பட்டை இறங்கிவிட்டது. எத்தனையோ மாதம் உங்கள் மகள்தான் உங்களுக்குத் தலை வாரிவிட்டாள்.

அந்தத் தோளோடுதான் கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு போனீர்கள். "மேல தளம் போட்டு, ரெண்டு பக்கமும் கம்பி வெச்சுக் குடுத்தாப் போதுமுங்க. நடக்கறவிய, சைக்கிள்ல போறவிய எல்லாம் போய்க்குவோம்" என்று அதிகாரியிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அந்த முதல் மனுவில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து.

பிறகுதான் பாலத்தைப் பழைய இரும்புக்கு ஏலம் விடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. பொள்ளாச்சியில் காயலாங்கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர், பெரிய வியாபாரி ஒருவரோடு சேர்ந்து அந்த இரும்பை எடுக்க ஓடிக்கொண்டிருந்தார். "நீயே எதுத்துக் கையெழுத்துப் போட்டா, நான் அந்தாளு மொகத்துல எப்படி முழிக்கறது?" என்றார்.

அடுத்த மனுவோடு நீங்கள் வந்தபோது நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். "கை மாவா இருக்குதுங்க அக்கா, அப்புறம் போடறேனுங்க" என்றேன். பக்கத்திலேயே தண்ணீர்க் குடம் இருந்தது. நீங்கள் அதையும் பார்த்தீர்கள், என்னையும் பார்த்தீர்கள்.

"பரவால்ல கண்ணு. உன்ற ஊட்லயும் அடுப்பு எரியோணுமில்ல."

காப்பியைக் குடித்துவிட்டுப் போனீர்கள். மறுநாளும் எனக்கு முன்னால் நடந்தீர்கள். மழை எப்போது விடும் என்று பேசினீர்கள். மனுவைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன்.

எத்தனை திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குத் தனியாக அலைந்தீர்களோ. கடைசியில் ஏலம் நின்றது. பாலத்தை நடைபாதையாக மாற்ற உத்தரவு வந்தது. வேலை தொடங்கியபோது உங்கள் வயிற்றில் நோய் முற்றியிருந்தது. ஒரு நாள் சக்கர நாற்காலியில் வைத்து நானும் உங்கள் மகளும் உங்களை அங்கே கூட்டிப் போனோம். அன்று எப்படியும் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று இருந்தேன். நீங்களோ என்ஜினீயரைக் கூப்பிட்டீர்கள். "ஏனுங்க சார், கம்பிய இன்னொரு அடி ஒசத்தோணுமுங்க. புள்ளைக எட்டிப் பாக்குமுங்க." சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. "போலாம் கண்ணு" என்றீர்கள். நான் நாற்காலியைத் தள்ளினேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

அன்றைக்குப் பதினோராம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். திறப்பு விழாவில் பார்த்தேன், கம்பியை ஓரடி உயர்த்தித்தான் வைத்திருந்தார்கள்.

போன வாரம் உங்கள் மகள் மனு நகல்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பத்திரமாக ஒரு கோப்பில் போட்டு வைக்கப் போகிறாளாம்.

"ஏனுங்க சித்தி, மொதல் மனுவுல அம்மாளுக்கு அடுத்தாப்ல உங்க கையெழுத்துத்தானுங்க. மத்த எதுலயுமே காணமே?"

மில்லில் லீவு தரவில்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். நான் காயலாங்கடையில் தொடங்கி மாவுக் கை வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் காகிதங்களை மெதுவாக அடுக்கினாள்.

"அம்மாளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும் சாமி."

"எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லீங்க" என்று எழுந்து போனாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும், பெற்ற மகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதன் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது பாலத்தில் என்னைக் கண்டால் வேகத்தைக் குறைக்கிறாள்; நிற்பதில்லை. நடந்தது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேனே தவிர, மன்னித்துக்கொள் என்ற ஒரு சொல்லை அவளிடமும் சொல்லவில்லை, அக்கா. உங்களுக்கென்று வைத்திருந்தது அது. அதை வைத்துக்கொண்டுதான் தினமும் அக்கரைக்கும் இக்கரைக்கும் நடக்கிறேன்.